லினக்ஸ் மடிக்கணினி தூங்க மறுத்தால், எழ மறுத்தால்: சஸ்பெண்ட் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் ஏறி எக்ஸ்போவில் இறங்குபவருக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் மடிக்கணினி முதுகுப்பைக்குள் கிடக்கும். மூடியதும் அது தூங்கிவிட்டால் கவலை இல்லை. தூங்காவிட்டால் காற்றுப் புகாத பைக்குள் காத்தாடி சுற்றிக்கொண்டே இருக்கும், பேட்டரி கரையும், இறங்கும்போது முதுகில் சூடு தெரியும். வெளியேயும் 31, 32 பாகை வெயில். லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் மூப்படையச் செய்வதில் வெப்பத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆகவே இந்த ஊரில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் சஸ்பெண்ட் (தூக்க நிலை) கோளாறை "எப்போதாவது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக்கூடாது.

இணையத்தில் தேடினால் உடனே கிடைப்பவை கெர்னல் அளவுருக்கள், அதாவது லினக்ஸின் மைய நிரலான கெர்னலுக்குக் கணினி தொடங்கும்போது கொடுக்கும் அமைப்புச் சொற்கள். இதைச் சேருங்கள், அதைச் சேருங்கள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஏழெட்டைச் சேர்த்தபின் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சஸ்பெண்ட் வெளியே ஒரே செயலாகத் தெரிந்தாலும் ஐந்து இடங்களில் முறியக்கூடியது: தூங்கப் போகவே மறுக்கலாம், தூங்கிய கையோடு தானே விழிக்கலாம், தூங்கியும் பேட்டரியைத் தின்னலாம், எழாமலே போகலாம், எழுந்தபின் வைஃபையோ டச்பேடோ மட்டும் செத்துக் கிடக்கலாம். ஐந்துக்கும் மருந்து வேறு வேறு. எந்த இடத்தில் முறிகிறது என்று தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள். /சிஸ், /ப்ராக் என்று தொடங்கும் பாதைகள் கெர்னல் காட்டும் மெய்நிகர் கோப்புகள். அவற்றில் எழுத ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும். "சூடோ எக்கோ" என்று போட்டு அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும், ஏனென்றால் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல்தான், சூடோ திறப்பதில்லை. "சூடோ -ஐ" என்று ரூட் ஷெல்லுக்குள் போய்விட்டு வேலையைத் தொடங்குங்கள்.

## உங்கள் கணினி எந்த வகைத் தூக்கம் தூங்குகிறது?

முதல் கட்டளை இது:

கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்

விடையில் "எஸ்2ஐடில்", "டீப்" என்ற சொற்களில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது பயன்பாட்டில் உள்ள வகை.

"டீப்" என்பது ஏசிபிஐ (மின் மேலாண்மைத் தரநிலை) வரையறையில் எஸ்3. ரேமுக்கு மட்டும் மின்சாரம் விட்டுவிட்டு ப்ராசசர் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் ஃபர்ம்வேர் (பயாஸ் போல வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருள்) அணைத்துவிடுகிறது. "எஸ்2ஐடில்" வேறு மாதிரி. நிரல்கள் உறைய வைக்கப்படுகின்றன, சாதனங்கள் குறைந்த மின்நிலைக்குப் போகின்றன, ப்ராசசர் ஆழ்ந்த ஓய்வு நிலைக்கு இறங்குகிறது. ஆனால் எதுவும் முழுதாக அணைவதில்லை. விண்டோஸ் உலகில் மாடர்ன் ஸ்டேன்ட்பை என்று சொல்வதும் இந்த வழியைச் சேர்ந்ததுதான். தேக்காவில் ஷட்டரை இறக்கிப் பூட்டிய கடை எஸ்3 என்றால், பாதி ஷட்டரோடு உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும் கடை எஸ்2ஐடில். யாராவது தட்டினால் உடனே எழுவார். தட்டிக்கொண்டே இருந்தால் தூங்கவே மாட்டார்.

2020இல் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறை தொடங்கிப் பல மடிக்கணினிகளில் எஸ்3 எடுக்கப்பட்டுவிட்டது. "டீப்" என்ற சொல்லே தெரியாவிட்டால் அதைத் தேடி அலைய வேண்டாம். ஃபர்ம்வேரில் இல்லாததை கெர்னல் அளவுரு கொண்டுவந்துவிடாது. ஒரு விதிவிலக்கு பயாஸ் தெரிவு. 2018இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறையில் முதலில் எஸ்3 இல்லை. பிற்பாடு பயாஸ் புதுப்பிப்பில் "ஸ்லீப் ஸ்டேட்" என்ற தெரிவு வந்தது, அதில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் எஸ்3 கிடைக்கும். குத்தகை முடிந்த அலுவலகக் கணினியைச் சிம் லிம் ஸ்குவேரிலோ இணையச் சந்தையிலோ வாங்கியவர்கள் பயாஸில் பவர் பகுதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முந்தைய அலுவலகம் விண்டோஸுக்காக என்ன வைத்திருந்ததோ அதுவே இருக்கும்.

இரண்டு சொற்களும் தெரிந்து எஸ்2ஐடில் அடைப்புக்குள் இருந்தால், "டீப்" என்ற சொல்லை அந்தக் கோப்பில் எழுதிச் சோதிக்கலாம். அடுத்த ரீஸ்டார்ட்டில் அது மறந்துபோகும். நன்றாக வேலைசெய்தால் மட்டும் "மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்" என்ற அளவுருவை நிரந்தரமாக்குங்கள். கெர்னல் அளவுரு எதுவானாலும் முதலில் க்ரப் மெனுவில் (கணினி தொடங்கும்போது வரும் தெரிவுப் பட்டியலில்) "இ" விசையை அழுத்தி அந்த ஒருமுறை பூட் ஆவதற்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த முறை பூட் ஆகும்போது தானே போய்விடும்.

## தொடங்குமுன் நான்கு ஏற்பாடுகள்

கோப்புகளை பேக்கப் எடுங்கள். எழாத கணினியைப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டிவரும்; சேமிக்காத எதுவும் திறந்திருக்கக்கூடாது.

ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். "எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ்" என்று கேட்டால் உங்கள் கணினிக்குப் புதிய பயாஸ் உண்டா என்று தெரியும். சஸ்பெண்ட் விஷயத்தில் பாதிப் பொறுப்பு ஃபர்ம்வேருடையது. அதை விட்டுவிட்டு கெர்னலில் மல்லுக்கட்டுவது வீண்.

வேறொரு கெர்னலையும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கணினி என்றால் மிகப் புதிய கெர்னல், போன வாரம் வரை சரியாக இருந்த கணினி என்றால் பழைய கெர்னல். பழையதில் பூட் செய்து சஸ்பெண்ட் வேலைசெய்தால் பாதி விடை கையில் கிடைத்துவிடும்.

கடைசியாக, எஸ்எஸ்எச் சேவையை இயக்கி, வீட்டு வைஃபையில் இருக்கும் கைத்தொலைபேசியிலிருந்து கணினிக்குள் நுழையப் பழகிக்கொள்ளுங்கள். திரை கறுத்துக் கிடக்கும்போது கணினி செத்ததா, திரை மட்டும் செத்ததா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

## தூங்கப் போக மறுக்கிறது

மூடியை மூடாமல் டெர்மினலில் "சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்" என்று தட்டுங்கள். இதில் தூங்கி, மூடியை மூடினால் மட்டும் தூங்காவிட்டால், கோளாறு கெர்னலில் இல்லை. லாகின்டி என்ற சேவையோ உங்கள் டெஸ்க்டாப்போ மூடியின் சைகையைக் கண்டும் காணாமல் விடுகிறது.

/ஈடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் கோப்பில் மூடிக்கென்று மூன்று வரிகள் உண்டு: ஹேண்டில்லிட்ஸ்விட்ச், ஹேண்டில்லிட்ஸ்விட்ச்எக்ஸ்டர்னல்பவர், ஹேண்டில்லிட்ஸ்விட்ச்டாக்ட். மூன்றாவதன் இயல்பு மதிப்பு "இக்னோர்". டாக்கிலோ (பல கேபிள்களை ஒரே இடத்தில் இணைக்கும் மேசைப் பெட்டி) வெளித்திரையிலோ இணைந்திருக்கும்போது மூடினால் தூங்காது என்று பொருள். நிலையான மேசை இல்லாமல் தினம் ஓர் இடத்தில் உட்காரும் அலுவலகங்களில் இதுதான் மாட்டிவிடுகிறது. நாள் முழுக்க மூடிய கணினியை வெளித்திரையோடு வைத்து வேலை செய்துவிட்டு, மாலையில் கேபிளை உருவி அப்படியே பைக்குள் போடுகிறோம். கேபிளை எடுத்தபின் கணினி தூங்குகிறதா என்பது டெஸ்க்டாப்பைப் பொறுத்தது. உங்கள் கணினியில் என்ன நடக்கிறது என்று வீட்டில் ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை, கேபிளை உருவுவதற்கு முன்பே மெனுவில் சஸ்பெண்ட் கொடுத்து, தூக்க விளக்கு சிமிட்டுவதைப் பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள்.

இன்னொன்று: பூட் ஆனவுடனோ, விழித்தவுடனோ முதல் 30 விநாடிக்கு லாகின்டி மூடியின் சைகைக்குச் செவிசாய்ப்பதில்லை. டாக்கைக் கண்டறிய அவகாசம் வேண்டும் என்பதற்காகவே இப்படி. திறந்து ஒரு நிமிடம்கூட ஆகாமல் திரும்ப மூடுபவர்களுக்கு "சில நேரம் மட்டும் தூங்கவில்லை" என்ற குழப்பம் வருவது இதனால்தான்.

"சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்" என்று கேட்டால் யார் யார் தூக்கத்தைத் தடுக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். "பிளாக்" என்று இருப்பவை நிஜமாகத் தடுப்பவை. "டிலே" என்று இருப்பவை சில விநாடி அவகாசம் கேட்பவை, அவற்றை விட்டுவிடலாம்.

சிஸ்டம்சிடிஎல் கட்டளைக்கும் தூங்காமல் திரை அணைந்து சில விநாடியில் திரும்பிவந்தால் கெர்னல் லாகை (நிகழ்வுப் பதிவை) பாருங்கள்: "ஜர்னல்சிடிஎல் -கே -பி". "பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி" என்ற வரியிலிருந்து கீழே நிதானமாக வாசியுங்கள். அடிக்கடி காணப்படும் ஒன்று இப்படி இருக்கும்:

பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி (எஸ்2ஐடில்)
ஃப்ரீசிங் ஆஃப் டாஸ்க்ஸ் ஃபெயில்டு ஆஃப்டர் 20 செகண்ட்ஸ் (1 டாஸ்க்ஸ் ரெஃப்யூசிங் டு ஃப்ரீஸ்)
டாஸ்க்: ஆர்சிங்க் ஸ்டேட்: டி

தூங்குமுன் எல்லா நிரல்களையும் உறையவைக்க கெர்னல் 20 விநாடி அவகாசம் தருகிறது. அதற்குள் ஒன்று மட்டும் உறையாவிட்டாலும் முழு முயற்சியும் கைவிடப்படுகிறது. மூன்றாவது வரி குற்றவாளியின் பெயரையே சொல்லிவிடுகிறது. ஆர்சிங்க் "டி" நிலையில் இருக்கிறது, அதாவது ஏதோ வட்டு வேலை முடியக் காத்திருக்கிறது, இடையில் யாராலும் எழுப்ப முடியாது. எந்த வட்டு? பெரும்பாலும் வலைவழி மவுன்ட், அதாவது வேறொரு கணினியின் வட்டை நம் கோப்புறைபோல இணைத்திருப்பது. வீட்டில் இருக்கும் நாஸ் (வலைச் சேமிப்பு) பெட்டியை என்எஃப்எஸ் அல்லது எஸ்எஸ்எச்எஃப்எஸ் மூலம் மவுன்ட் செய்துவிட்டு வெளியே கிளம்புகிறோம். வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் மின்தூக்கிக்குள் நுழையும்போதே வைஃபை அறுந்துவிடுகிறது. பிறகு மூடினால் அந்த நிரல் பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்கிறது. /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த மவுன்ட்டுக்கு "எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்" என்பதையும் "எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=60" என்பதையும் சேர்த்தால், ஒரு நிமிடம் யாரும் தொடாதபோது மவுன்ட் தானே கழன்றுவிடும். கெர்னலைத் தொடவே வேண்டியதில்லை.

லாகில் நிரலின் பெயருக்குப் பதிலாக ஒரு சாதனம் தூங்க மறுத்தது என்று வந்தால், /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் கோப்புறைக்குள் "லாஸ்ட்_ஃபெயில்டு_டெவ்" என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். கடைசியாக மறுத்த சாதனத்தின் பெயர் அதில் இருக்கும். பக்கத்திலேயே "சக்சஸ்", "ஃபெயில்" என்ற எண்ணிக்கைகளும் உண்டு.

## தானே விழித்துக்கொள்கிறது

தெம்பனிஸில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு மாலை அழைத்தான். "மாமா, வகுப்பு முடிஞ்சு மூடித்தான் வெச்சேன். ரயில்ல பை சூடா இருக்கு, உள்ளே காத்தாடி ஓடுற சத்தம் கேக்குது."

"வயர்லெஸ் மவுஸ் வெச்சிருக்கியா?"

"ஆமா மாமா, பையிலதான் இருக்கு."

"அதோட ரிசீவர்?"

"லேப்டாப்லேயே செருகியிருக்கே. எப்பவும் எடுக்க மாட்டேன்."

பைக்குள் மவுஸ் அசைந்தது, ரிசீவர் யுஎஸ்பி வழியே தகவல் சொன்னது, கணினி எழுந்துகொண்டது. ஒவ்வொரு நிலையத்திலும் ரயில் நின்று கிளம்பும்போதெல்லாம் அதற்கு ஒரு தட்டு. மவுஸின் அடியில் இருக்கும் பொத்தானை அணைத்ததும் அன்றைக்குப் பிரச்சினை நின்றது. நிரந்தரமாகத் தீர்ப்பது கீழே சொல்வது.

யார் எழுப்புகிறார் என்று கண்டுபிடிக்க, விழித்த உடனே இதைப் பாருங்கள்:

கேட் /சிஸ்/பவர்/பிஎம்_வேக்அப்_ஐஆர்க்யூ

ஓர் எண் வரும். அதே எண்ணை /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் தேடினால் எந்தச் சாதனத்துக்குரியது என்று தெரியும். 9 என்று வந்தால் அது பெரும்பாலும் ஏசிபிஐ. மூடி, சார்ஜர், பேட்டரி போன்றவை எல்லாம் அதன் வழியே வரும் என்பதால் இன்னும் தோண்ட வேண்டும்.

/ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப் கோப்பில் எழுப்ப உரிமை பெற்ற சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. எக்ஸ்எச்சி என்று தொடங்குவது யுஎஸ்பி கட்டுப்படுத்தி. லிட் என்பது மூடி. ஆர்பி என்று தொடங்குபவை பிசிஐ பாதைகள். அந்தக் கோப்பில் ஒரு பெயரை எழுதினால் இயங்குவது அணையும், அணைந்திருப்பது இயங்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பூட் ஆகும்போது ஒருமுறையும் விழிக்கும்போது ஒருமுறையும் அதே பெயரை எழுதும் ஸ்கிரிப்ட் இருந்தால், இரண்டாவது முறை அது திரும்ப இயங்கத் தொடங்கிவிடும். அதனால் நான் இந்தக் கோப்பைச் சோதனைக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

நிரந்தரத் தீர்வுக்கு சாதனத்தின் சொந்த பவர்/வேக்அப் கோப்பில் "டிஸேபிள்டு" என்று எழுதுவது பாதுகாப்பானது. எத்தனை முறை எழுதினாலும் அணைந்தே இருக்கும். யுஎஸ்பி சாதனங்களின் கோப்புகள் /சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ் கோப்புறைக்குள் இருக்கின்றன. துளை மாறினால் பாதையும் மாறும் என்பதால், சாதனத்தின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் வைத்து ஒரு யுடெவ் விதி (சாதனம் செருகியதும் தானே செயல்படும் அமைப்பு) எழுதிவிடுங்கள். அந்த எண்கள் "எல்எஸ்யுஎஸ்பி" கட்டளையில் தெரியும். என் மருமகனின் கணினியில் ரிசீவருக்கு மட்டும் அப்படி ஒரு விதி எழுதினோம். மூடியும் பவர் பட்டனும் இப்போதும் எழுப்புகின்றன, மவுஸ் எழுப்புவதில்லை.

## தூங்குகிறது, ஆனால் பேட்டரி கரைகிறது

உணர்வை நம்பாமல் அளந்து பாருங்கள். /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/எனர்ஜி_நவ் கோப்பில் மிச்ச ஆற்றல் மைக்ரோவாட்-மணியில் இருக்கும். சில கணினிகளில் அதற்குப் பதில் "சார்ஜ்_நவ்" இருக்கும், அது மைக்ரோஆம்பியர்-மணி. இரவு சார்ஜரைப் பிடுங்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு சஸ்பெண்ட் செய்யுங்கள். காலையில் திறந்ததும் மறுபடி குறியுங்கள். 50 வாட்-மணி பேட்டரியில் 8 மணி நேரத்தில் 4 கோடியே 50 லட்சம் என்பது 4 கோடியே 10 லட்சமாக இறங்கியிருந்தால், போனது 4 வாட்-மணி. மணிக்கு அரை வாட்-மணி, அதாவது 1 விழுக்காடு. எஸ்2ஐடில் கணினியில் இந்த அளவு இருந்தால் நான் விட்டுவிடுவேன். 3, 4 விழுக்காடு என்றால் அது ஆழ்ந்த நிலைக்குப் போகவே இல்லை என்று எடுத்துக்கொண்டு தேடத் தொடங்குவேன்.

கெர்னல் 6.4க்குப் பிந்தையது என்றால் வேலை எளிது. /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்/லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் கோப்பு, கடைசித் தூக்கத்தில் வன்பொருள் எத்தனை மைக்ரோவிநாடி ஆழ்ந்த நிலையில் இருந்தது என்று சொல்லும். நீங்கள் தூங்கவைத்தது 10 நிமிடம், அதில் 9 நிமிடத்துக்கு மேல் இருந்தால் மென்பொருள் தன் கடமையைச் செய்துவிட்டது. சுழியம் என்று வந்தால் ஏதோ ஒரு சாதனம் மொத்தக் கணினியையும் விழித்திருக்க வைக்கிறது. பழைய கெர்னல் உள்ள இன்டெல் கணினிகளில் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/சிபியுஐடில் கோப்புறையில் "லோ_பவர்_ஐடில்_சிஸ்டம்_ரெசிடென்சி_யுஎஸ்" என்ற கோப்பை முன்னும் பின்னும் ஒப்பிடலாம். ஏஎம்டி கணினிகளுக்கு அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே எழுதிய எஸ்2ஐடில் சோதனைப் பைத்தான் நிரல் இருக்கிறது; எது தடுக்கிறது என்று வாக்கியமாகவே எழுதித் தந்துவிடும்.

யார் அந்தச் சாதனம்? முதலில் வெளியே செருகியவற்றை எல்லாம் கழற்றுங்கள்: யுஎஸ்பி-சி டாங்கிள், எஸ்டி கார்டு, எச்டிஎம்ஐ மாற்றி. அப்படியும் குறையாவிட்டால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் சில்லு, வைஃபை கார்டு என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். கணினியோடு வந்த எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் பெரியதாக வேறொன்றைப் போட்டவர்கள் அதன் ஃபர்ம்வேரையும் பார்க்க வேண்டும். சில கணினிகளில் "என்விஎம்இ.நோஏசிபிஐ=1" என்ற அளவுரு நல்ல பலன் தருகிறது; வேறு சிலவற்றில் நிலைமையை மோசமாக்குகிறது. க்ரப் மெனுவில் ஒருமுறை பூட் ஆவதற்கு மட்டும் போட்டு, மேலே சொன்னபடி அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

## எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது

இதுதான் பயமுறுத்துவது. திறந்தால் கறுப்புத் திரை, விசைகளுக்கு எந்தப் பதிலும் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

கேப்ஸ்லாக் விசையை அழுத்துங்கள். விளக்கு மாறினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. அடுத்து, கைத்தொலைபேசியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் கணினி எழுந்துவிட்டது, திரை மட்டும்தான் எழவில்லை. கோளாறு கிராஃபிக்ஸ் டிரைவரில் (அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளில்). உள்ளே இருக்கும்போதே கெர்னல் லாகைக் காட்டும் "டிமெஸ்ஜி" கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள், பிறகு அது கிடைக்காது. இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், ஆல்ட்டையும் சிஸ்ரிக்யூவையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற விசைகளைச் சில விநாடி இடைவெளியில் அழுத்துங்கள். கெர்னலுக்குக் கொஞ்சம் உயிர் இருந்தாலும் வட்டில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு ரீஸ்டார்ட் ஆகும். அதுவும் நடக்கவில்லையென்றால்தான் பவர் பட்டன்.

திரை மட்டும் செத்த கணினிகளில் என்விடியா கிராஃபிக்ஸ் இருந்தால், "என்விடியா-சஸ்பெண்ட்", "என்விடியா-ரெஸ்யூம்" ஆகிய சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) சேவைகள் இயக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். "என்விரெக்_ப்ரிசர்வ்வீடியோமெமரிஅலொகேஷன்ஸ்=1" என்ற டிரைவர் தெரிவும் கூடவே வேண்டும். அது இல்லாவிட்டால் தூங்கும்போது வீடியோ நினைவகத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதி தொலைந்து, எழும்போது குப்பைத் திரையோ கறுப்புத் திரையோ வரும். 2024 ஜூனில் வந்த சிஸ்டம்டி 256, தூங்குமுன் பயனரின் நிரல்களை மொத்தமாக உறையவைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. என்விடியாவின் மூடிய டிரைவரோடு அது மோதியது. அந்தப் பதிப்புக்கு மாறியபின் கோளாறு தொடங்கியிருந்தால், சிஸ்டம்டி-சஸ்பெண்ட் சேவைக்கு ஒரு துணைக்கோப்பு எழுதி "சிஸ்டம்டி_ஸ்லீப்_ஃப்ரீஸ்_யூசர்_செஷன்ஸ்=ஃபால்ஸ்" என்ற சூழல் மாறியைக் கொடுத்துப் பாருங்கள். இன்டெல் கிராஃபிக்ஸில் திரை மினுக்கி உறைந்தால் "ஐ915.இனேபிள்_பிஎஸ்ஆர்=0" சோதிக்கத் தகுந்தது.

கணினியே எழாவிட்டால் கெர்னலின் உள்ளேயே இருக்கும் ஒரு சோதனை ஏணியைப் பயன்படுத்துங்கள். /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் என்ற கோப்பு அதற்கென்றே இருக்கிறது. அதில் ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசசர்ஸ், கோர் என்று ஐந்து படிகள். ஒரு படியின் பெயரை எழுதிவிட்டு "மெம்" என்ற சொல்லை /சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்பில் எழுதினால், கெர்னல் அந்தப் படி வரை மட்டும் தூக்க வேலைகளைச் செய்து, 5 விநாடி காத்திருந்து, தானே திரும்பி வரும்.

ஃப்ரீசரில் தொடங்குங்கள். திரும்பி வந்தால் டிவைசஸ். அதுவும் வந்தால் பிளாட்ஃபார்ம். இப்படி ஏறும்போது எந்தப் படியில் திரும்பி வராமல் தொங்குகிறதோ அங்கேதான் கோளாறு. டிவைசஸில் தொங்கினால் ஏதோ ஒரு டிரைவர். ஐந்து படியும் ஏறிவிட்டு, நிஜத் தூக்கத்தில் மட்டும் எழாவிட்டால் ஃபர்ம்வேர் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். எஸ்2ஐடில் கணினியில் ப்ராசசர்ஸ், கோர் என்ற கடைசி இரண்டு படிகளுக்கு இடமில்லை, பிளாட்ஃபார்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடித்தபின் "நன்" என்று எழுத மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த சஸ்பெண்டும் 5 விநாடியில் திரும்பிவிடும்.

டிவைசஸில் தொங்குகிறது என்று தெரிந்தபின், எந்த டிரைவர் என்று கண்டுபிடிக்க சந்தேகத்துக்குரிய மாடியூல்களை (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர்களை) "மாட்ப்ரோப் -ஆர்" மூலம் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு அதே படியைத் திரும்பச் சோதியுங்கள். வைஃபை, புளூடூத், கார்டு ரீடர், வெப்கேம் ஆகியவற்றை முதலில் இறக்குங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் பிஎம்_ட்ரேஸ். /சிஸ்/பவர்/பிஎம்_ட்ரேஸ் கோப்பில் 1 என்று எழுதிவிட்டு சஸ்பெண்ட் செய்தால், விழிக்கும் வழியில் கெர்னல் தான் எங்கே நிற்கிறது என்ற குறிப்பை ஒவ்வொரு கட்டத்திலும் கணினியின் கடிகாரச் சில்லில் எழுதிக்கொண்டே போகும். தொங்கியதும் அணைத்து, மூன்று நிமிடத்துக்குள் திரும்ப பூட் செய்து, டிமெஸ்ஜி வெளியீட்டில் "ஹேஷ் மேட்சஸ்" என்ற வரியைத் தேடுங்கள். கடைசியாக நின்ற சாதனம் தெரியும். இந்தச் சோதனை கடிகாரத்தைத் தாறுமாறாக்கிவிடும். இணையம் கிடைத்ததும் நேரம் சரியாகிவிட்டதா என்று "டைம்டேட்சிடிஎல்" மூலம் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் தவறாக இருந்தால் இணையத்தளங்களின் சான்றிதழ் பிழைகள் வந்து வேறு குழப்பத்தில் தள்ளும்.

திரும்பத் திரும்ப மூடித் திறந்து சோதிப்பது அலுப்பாக இருந்தால் "ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 30" என்ற கட்டளை 30 விநாடி தூங்கவைத்துத் தானே எழுப்பும்.

## எழுந்தபின் ஏதோ ஒன்று மட்டும் வேலைசெய்யவில்லை

வைஃபை, டச்பேட், ஒலி ஆகிய மூன்றும்தான் வழக்கமானவை. அந்தந்த மாடியூலை இறக்கி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்டெல் வைஃபைக்கு "ஐடபிள்யூஎல்எம்விஎம்", "ஐடபிள்யூஎல்வைஃபை" இரண்டையும் இறக்க வேண்டும். கையால் செய்து பலன் தெரிந்தால், /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் கோப்புறையில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்து இயக்க அனுமதி கொடுங்கள். தூங்குமுன் "ப்ரி" என்றும் விழித்தபின் "போஸ்ட்" என்றும் முதல் மதிப்புருவாக அதற்கு வரும். ப்ரியில் இறக்குங்கள், போஸ்ட்டில் ஏற்றுங்கள். டிரைவரில் திருத்தம் வந்ததும் இந்த ஸ்கிரிப்ட்டை எடுத்துவிடுங்கள்.

## நெடுநேரத் தூக்கத்துக்கு ஹைபர்னேட்

எஸ்3 இல்லாத கணினியை இரவு முழுக்கப் பையில் வைக்க வேண்டியவர்களுக்கு, கொஞ்ச நேரம் சஸ்பெண்ட், பிறகு ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) என்ற ஏற்பாடு நல்லது. சிஸ்டம்டியில் இதன் பெயர் "சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட்". /ஈடிசி/சிஸ்டம்டி/ஸ்லீப்.கான்ஃப் கோப்பில் "ஹைபர்னேட்டிலேசெக்=30மின்" என்று வைக்கலாம்.

இதற்கு வட்டில் நிஜமான ஸ்வாப் (ரேமில் உள்ளதை மாற்றி வைக்கும்) இடம் வேண்டும். ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்களில் இயல்பாக வரும் இசட்ரேம் ஸ்வாப் ரேமுக்குள்ளேயே இருப்பதால் உதவாது. 16 ஜிபி ரேம் என்றால் 16 ஜிபி ஸ்வாப் வைப்பது பத்திரம். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும்போது பல விநியோகங்கள் கெர்னலைப் பூட்டிய நிலையில் வைக்கின்றன. அந்த நிலையில் ஹைபர்னேட் தடுக்கப்படும். அலுவலகக் கணினியில் செக்யூர் பூட்டை உங்கள் விருப்பப்படி அணைக்க முடியாது என்பதால், ஐடி பிரிவைக் கேட்டுவிட்டு இந்த வழியில் இறங்குங்கள்.

அரை மணி கழித்து ஹைபர்னேட் ஆவதற்காகக் கணினி பைக்குள்ளேயே விழித்து, ரேமில் உள்ளதை வட்டில் எழுதி, பிறகு அணைகிறது. அந்தச் சில விநாடிகளில் தொங்கிவிட்டால் பைக்குள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் "சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட்" என்று மேசைமேல் பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுகிறது என்று உறுதியான பிறகே இதை மூடியோடு இணைக்க வேண்டும்.

## இத்தனையும் செய்தும் தீராவிட்டால்

புகார் எழுதுங்கள். உங்கள் விநியோகத்தின் பிழைத்தளத்தில் முதலில். கிராஃபிக்ஸ் என்று உறுதியானால் ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லேபில் அந்த டிரைவருக்குரிய இடத்தில். கெர்னலின் மற்ற பகுதி என்றால் கெர்னல் பக்ஸில்லாவில். "சஸ்பெண்ட் வேலைசெய்யவில்லை" என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. கணினியின் முழு மாடல் பெயர், பயாஸ் பதிப்பு, கெர்னல் பதிப்பு, மெம்_ஸ்லீப் கோப்பில் இருப்பது, ஐந்தில் எந்தக் கட்டத்தில் முறிகிறது, பிஎம்_டெஸ்டில் எந்தப் படியில் தொங்குகிறது, எந்தக் கெர்னல் வரை சரியாக இருந்தது: இத்தனையும் முதல் பத்தியில் இருக்கட்டும். லாகை இணைப்பாகப் போடுங்கள். அதில் உங்கள் வைஃபையின் பெயரும் கணினியின் வரிசை எண்ணும் இருக்கலாம், அனுப்புமுன் அவற்றை நீக்கிவிடுங்கள். பராமரிப்பாளர் ஒரு பேட்ச் அனுப்பிச் சோதிக்கச் சொன்னால் தாமதிக்காமல் சோதித்து, பலித்ததா இல்லையா என்று பதில் எழுதுங்கள். உங்கள் மாடல் அவர் கையில் இருப்பது அரிது.